பனியில் விழுந்தவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃப்ளீட் ஃபாக்ஸஸ் குழுவின் ‘வைட் விண்டர் ஹிம்னல்’ பாடலை ஒரு மாதமாகக் கேட்கிறேன். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கூட்டம், விழும் மைக்கேல், ஸ்ட்ராபெரி போலச் சிவக்கும் பனி. ‘கூட்டத்தைப் பின்தொடர்ந்து சென்றேன்’ என்று தொடங்கி மொழிபெயர்த்தும் பார்த்தேன். மைக்கேல் கொல்லப்பட்டானா? ஆல்பத்தின் அட்டையிலுள்ள ப்ரூகல் ஓவியத்தில் விடை உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

1559-இல் வரையப்பட்ட அந்த ஓவியம் பழமொழிகளைப் பற்றியது. பனிக்காலக் காட்சியே அல்ல, விட்டுவிடுங்கள். மைக்கேல் யாரென்று பாட்டு சொல்வதில்லை.

ஆனால் ஒரு மாதம் கேட்ட நீங்கள் தொடக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாததை என்னால் பொறுக்க முடியவில்லை. 2008-இல் வெளியான, இரண்டரை நிமிடம்கூட நீளாத அந்தப் பாட்டு, வாத்தியமின்றி, ‘பின்தொடர்ந்து சென்றேன்’ என்ற அரை வாக்கியத்தோடு தொடங்குகிறது. யாரை என்பது வருவதற்குள் அதே அரை வாக்கியம் மறுபடி எழுகிறது. ஒரு குரலின்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் ‘கூட்டம்’ என்ற சொல் வரும்போது கூட்டம் ஏற்கெனவே நம் காதுக்குள் நிற்கிறது. தமிழில் செயப்படுபொருள் முன்னால் வந்துவிடுவதால், உங்கள் மொழிபெயர்ப்பு முதல் சொல்லிலேயே அதை உடைத்துவிட்டது. வரிகளைத் தாளில் எழுதிவைத்துத் துப்புத் துலக்குபவர்களுக்கு இதுதான் நேர்கிறது. பாட்டைக் காதால் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் பாடகர் குழுவில், ஒரே மெட்டை ஒருவர்பின் ஒருவராகத் தொடங்கும் ‘ரவுண்ட்’ பாடியிருக்கிறேன். முன்னால் போகும் குரலுக்குக் காது கொடுத்தால் நம் வரி நழுவிவிடும். அதனால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமலிருக்கப் பழகிக்கொள்வோம். ஒருநாள் மேடையில் என் அருகே நின்றவளின் குரல் பாதி வரியில் அறுந்தது. அந்த இடைவெளி என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சளவு நேரம் இருந்தது; பின்வரிசைக் குரல்கள் வந்து அதை மூடிவிட்டன. நாங்கள் யாரும் நிறுத்தவில்லை.

மைக்கேல் விழுந்த பிறகு அந்தப் பாட்டு என்ன செய்கிறது என்று கேளுங்கள். தனிச் சரணம் இல்லை, ஒப்பாரி இல்லை. அதே அடிகள், அதே அழகிய ஒத்திசைவோடு, மறுபடியும் முதலிலிருந்து. நீங்கள் தேடும் வன்முறை அந்தத் திரும்பிவருதலில் இருக்கிறது. ஆயினும் அதைப் பாடுகிறவன் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுகிறான். நான் அவள் பக்கம் திரும்பியது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான். அவள் அப்போதும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

அன்புடன்.