"என் வீடியோவ வீட்ல யாருமே பாக்க மாட்டேங்கறாங்க"

வணக்கம் மேடம்,

எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எனக்கு 34 வயசு, சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், 8 வருஷம் மெட்ரிக் ஸ்கூல்ல ஃபிசிக்ஸ் டீச்சரா இருந்தேன். இப்ப 2 வருஷமா ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் பக்கத்துல இருக்கோம். வீட்டுக்காரருக்கு சாஃப்ட்வேர் வேலை, பையனுக்கு 4 வயசு, கிட்டாவுக்குப் போறான், இங்க நர்சரிய அப்படித்தான் சொல்லுவாங்க.

நான் யூடியூப் சேனல் ஆரம்பிச்சு 9 மாசம் ஆச்சு. 41 வீடியோ போட்டிருக்கேன். 318 சப்ஸ்கிரைபர்தான் மேடம். நம்ம ஊர்ல இருந்து புதுசா ஜெர்மனி வர்றவங்களுக்கு உதவியா இருக்கணும்னு எல்லாம் தமிழ்லதான் போடுறேன், காலி பாட்டில மெஷின்ல போட்டா 25 சென்ட் எப்படி திரும்ப வரும், குப்பைய எப்படி பிரிக்கணும், ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடிடுவாங்க அதனால சனிக்கிழமையே என்னென்ன வாங்கி வைக்கணும் இப்படி. ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல முழுசா எழுதி வச்சுட்டுதான் பேசுவேன். பையன தூங்க வச்சுட்டு ராத்திரி 1 மணி வரைக்கும் மொபைல்லயே எடிட் பண்றேன், கண்ணு ரெண்டும் எரியும்.

ஆனா எங்க வீட்ல ஒருத்தர் கூட பாக்கறதில்ல. ஃபேமிலி குரூப்ல 23 பேர் இருக்காங்க, லிங்க் போட்டா அனலிட்டிக்ஸ்ல இந்தியாவுல இருந்து 7 வ்யூன்னு காட்டுது. என் நாத்தனார் ஜெர்மனியில இருக்கிற வேற ஒரு பொண்ணோட சேனல் லிங்க்க எங்க குரூப்லயே போட்டு "எவ்ளோ அழகா பேசுறா பாருங்க"ன்னு எழுதுறாங்க. கூட வேலை பாத்த டீச்சருங்க "சூப்பர் டி"ன்னு போடுவாங்க, பாக்காமலே போடுறாங்கன்னு எனக்குத் தெரியும். சரி அவங்கள விடுங்க, என் வீட்டுக்காரர் 9 மாசத்துல ஒரு வீடியோ கூட கடைசி வரைக்கும் பாத்தது கிடையாது. "நல்லா இருக்கு"ம்பார், கண்ணு லேப்டாப்ல இருக்கும். அது மட்டும் இல்ல, சூப்பர் மார்க்கெட்ல எடுக்காதே, கிட்டா வாசல்ல எடுக்காதே, பின்னாடி ஆளுங்க தெரியறாங்கன்னு தடை வேற. வெளிய எடுக்காம வீட்டுக்குள்ளயே உக்காந்து ஜெர்மனிய எப்படி காட்டுறது?

1000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருஷத்துக்குள்ள மத்தவங்க பாத்தது 4000 மணி நேரமும் வந்தா விளம்பர காசு வரும். எனக்கு 230 மணி நேரம்தான் ஆகியிருக்கு. காசுக்காக பண்ணலன்னு வைங்க, இருந்தாலும் ஒரு மதிப்பு வேணாமா? ஒரே ஒரு வீடியோதான் ஓடுச்சு, கேர்வோகென்னு இந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு, அப்பார்ட்மெண்ட்ல வாரம் ஒரு வீடு முறை வச்சு படிக்கட்டப் பெருக்கித் துடைக்கணும், நம்ம முறை முடிஞ்சா அதுக்குன்னு இருக்கிற போர்டக் கொண்டு போய் அடுத்த வீட்டு கதவுல மாட்டணும். அதுக்கு 2600 வ்யூ வந்துச்சு. அன்னிக்கு நான் இருந்த சந்தோஷம் சொல்ல முடியாது. அதையும் அவர் பாக்கல.

பகல்ல எடுக்கறதும் கஷ்டமாத்தான் இருக்கு, நல்லா பேசிட்டு இருக்கும்போதுதான் பார்சல்காரர் பெல் அடிப்பார். நான் திறக்கறதில்ல, திறந்தா ஏதாவது ஜெர்மன்ல கேப்பாங்க, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், அவங்க போற வரைக்கும் அப்படியே நின்னுட்டு இருப்பேன், பார்சல கீழ் வீட்டு பாட்டிகிட்ட குடுத்துட்டுப் போயிடுவாங்க, இவர் ஆஃபீஸ் விட்டு வரும்போது வாங்கிட்டு வந்துடுவார். இப்பல்லாம் பெல் அடிச்சாலே பையன் வாயில விரல வச்சு "ஷ்ஷ்"ன்னு சொல்லிட்டு ஓடி வந்து என் மடியில உக்காந்துப்பான், பாக்க சிரிப்பா இருக்கும். அது கிடக்கட்டும், அந்த பாட்டி நல்லவங்க, டிசம்பர் 6 நிக்கோலாஸ் பண்டிகை அன்னிக்கு வாசல்ல கிடந்த பையன் ஷூவுக்குள்ள சாக்லேட் போட்டு வச்சிருந்தாங்க, அத ஷார்ட்ஸா போட்டேன், அதுக்கும் 90 வ்யூதான்.

லாங்குவேஜ் க்ளாஸ் போனேன், நாலு வாரத்துல விட்டுட்டேன், பையன கூப்பிடற டைமோட ஒத்து வரல. இப்ப சேனலையும் விட்டுடலாமான்னு இருக்கு. இவ்ளோ உழைச்சும் சொந்த புருஷனே பாக்கலன்னா ஊர்ல உள்ளவங்க எதுக்குப் பாக்கப் போறாங்க? இவருக்கு எப்படி புரிய வைக்கிறது மேடம்?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்

ஆலோசகர் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்க கடிதத்த மூணு தடவை படிச்சேன். சேனல், சப்ஸ்கிரைபர், நாத்தனார், வீட்டுக்காரர்னு பக்கம் பக்கமா இருக்கு. ஆனா நான் நின்னது நீங்க "அது கிடக்கட்டும்"னு தள்ளிட்டுப் போன இடத்துல. பெல் அடிக்குது, நீங்க சத்தம் காட்டாம நிக்கிறீங்க, நாலு வயசுக் குழந்த வாயில விரல வச்சு மடியில வந்து உக்காருது. பாக்க சிரிப்பா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு சிரிப்பு வரலம்மா.

குழந்தைங்க நாம சொல்றத விட நம்ம உடம்பு சொல்றதத்தான் கேக்கும். பெல் சத்தம்னா அம்மா பயப்படுறா, அப்ப வெளிய ஏதோ ஆபத்து இருக்கு, நாம ஒளிஞ்சுக்கணும். இதத்தான் அவன் படிச்சிருக்கான். அதே பையன் கிட்டாவுல அந்த வெளி ஆளுங்க பிள்ளைங்களோடதான் நாள் முழுக்க அவங்க பாஷையில விளையாடிட்டு வர்றான். வீட்டுக்கு வந்தா அந்த ஊரே பயப்பட வேண்டிய ஊரா ஆயிடுது. இப்ப அவன் சின்னவன், மாத்திக்க நேரம் இருக்கு, அதனாலதான் இத முதல்ல சொல்றேன்.

நீங்க 8 வருஷம் ஒரு க்ளாஸ் முழுக்க பிள்ளைங்க முன்னாடி நின்னு பாடம் எடுத்தவங்க. அந்த ரூம்ல உங்க வாயில இருந்து வந்தது எல்லாமே சரியான விடை. அப்படி இருந்தவங்கள திடீர்னு கடைசி பெஞ்சுல உக்கார வச்சு, ஜெர்மன்ல பேர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற டெர், டீ, டாஸ தப்புத் தப்பா சொல்லுன்னா உடம்பு கூசத்தான் செய்யும். க்ளாஸ விட்டதுக்கு பையன கூப்பிடற டைம்தான் காரணம்னா வேற டைம்ல வேற க்ளாஸ் இருக்கான்னு விசாரிச்சிருப்பீங்க. ஊர் ஊருக்கு நகராட்சியோட ஃபோக்ஸ்ஹோஹ்ஷூலே இருக்கு, பெரியவங்க படிக்கிற இடம், அதுல சாயங்கால வகுப்பும் உண்டு. ஸ்கூல்ல பாடம் நடத்திப் பழகினவங்களுக்கு இது தெரியாதுன்னு நான் நம்பல. உங்க தப்பும் முழுசா கிடையாது, ப்ளூ கார்டுங்கற வேலை அனுமதியில வர்றவரோட மனைவிக்கு ஏ1ங்கற ஆரம்பநிலை ஜெர்மன் பரீட்சை கட்டாயம் இல்ல, உங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் வந்திருப்பார்னு நினைக்கிறேன். அதனால பாஷை ஒரு சொல்லு தெரியாம இறங்கி, வீட்டுக்குள்ளயே 2 வருஷம் போயிடுச்சு.

அப்பதான் கேமரா வந்துச்சு. கேமரா திருப்பிக் கேள்வி கேக்காது, "என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க"ன்னு முகத்த சுருக்காது, தப்பா பேசினா வெட்டிப் போட்டுடலாம். அது முன்னாடி நீங்க பழைய டீச்சராவே நிக்கலாம். அந்த சந்தோஷம் பொய்யில்ல, அந்த ஒரு மணி நேரம்தான் உங்கள தாங்கிப் பிடிச்சிருக்கு, அதனால சேனல விடுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கணக்குப் பாருங்க. 4000 மணி நேரம்னா 2,40,000 நிமிஷம், ஒருத்தர் 3 நிமிஷம் பாத்தா 80,000 தடவை யாராவது பாக்கணும். அதெல்லாம் வர்றப்ப வரும், 9 மாசத்துல 41 வீடியோ போட்ட கைக்கு அது வராமப் போகாது. ஆனா 80,000 வந்தாலும் அந்த பெல் அடிக்கும்போது உங்க நெஞ்சு படபடக்கறது நிக்காது. நீங்க குரூப்ல 23 பேருல யார் யார் பாக்கலன்னு எண்ணிட்டு இருக்கிறது, என் குரல் யார் காதுலயாவது விழுதான்னு தேடறதுதான். அந்தத் தேடல் நியாயம், தேடற இடம்தான் ரொம்பத் தூரத்துல இருக்கு.

இப்ப வீட்டுக்காரர் விஷயம். இதுல நான் உங்க பக்கம் இல்லம்மா, கோவிச்சுக்காதீங்க. அவர் தடை போடுறார்னீங்க, ஜெர்மனியில ஒருத்தர் முகத்த அவங்க சம்மதம் இல்லாம வெளியிடக்கூடாதுன்னு 1907லயே சட்டம் போட்டுட்டாங்க. கிட்டா வாசல்ல அடுத்த வீட்டுக் குழந்தைங்க முகம் விழுந்தா அந்த பெத்தவங்க சும்மா இருக்க மாட்டாங்க, அவர் சொன்னது சரி. உக்காந்து ஒரு வீடியோ முழுசா பாக்காதது தப்புதான், அத நேரா அவர்கிட்டயே கேளுங்க, "எனக்காக இந்த ஒண்ண மட்டும் கடைசி வரைக்கும் பாருங்க"ன்னு. ஆனா நீங்க எழுதினதுலயே இன்னொண்ணு இருக்கு, உங்க கண்ணுல படல. ஆஃபீஸ் முடிஞ்சு களைச்சு வர்ற மனுஷன் கீழ் வீட்டு பெல்லடிச்சு, அந்த பாட்டிகிட்ட நாலு வார்த்தை பேசி, பார்சல தூக்கிட்டு மாடி ஏறி வர்றார். பகல் முழுக்க வீட்ல இருந்தியே, ஏன் வாங்கலன்னு ஒரு தடவையாவது கேட்டதா நீங்க எழுதல. உங்க வீடியோ பாக்காத மனுஷன் உங்க பயத்தப் பாத்திருக்கார், அத மூடி மறைச்சுக் காப்பாத்திட்டும் இருக்கார். அது நல்ல மனசு, ஆனா அதனாலயே உங்க கதவு திறக்காமலே கிடக்குது. இனிமே வாங்கிட்டு வர வேண்டாம்னு நீங்கதான் சொல்லணும்.

அந்த பாட்டி பத்தி ஒண்ணு கேக்கறேன். ஷூவுல சாக்லேட் போட்டாங்க, நீங்க அத ஷார்ட்ஸா போட்டு 90 பேர்கிட்ட சொன்னீங்க. பாட்டிகிட்ட சொன்னீங்களா? உங்க கடிதத்துல அது இல்ல. மாடிப்படிக்குக் கீழ ஒருத்தங்க உங்க பிள்ளைய நினைச்சு ராத்திரி ஷூவுக்குள்ள இனிப்பு வச்சுட்டுப் போயிருக்காங்க, நீங்க கும்பகோணத்துல யாரும் பாக்கலன்னு அழுதுட்டு இருக்கீங்க. புதுசா வர்றவங்களுக்கு அந்த ஊரக் காட்டணும்னு ஆசைப்படுறீங்க, காட்டுங்க, ஆனா முதல்ல நீங்க அந்த ஊருக்குள்ள போகணும். ஒரு நாள் அந்த பாட்டி சம்மதிச்சா அவங்களே கேர்வோகெ பத்தி உங்க கேமராவுல பேசட்டும், அதுக்கு எத்தனை பேர் வந்தாலும் சரி.

படபடப்பு பெல்லோட நிக்காம தூக்கம், சாப்பாடுன்னு தொட ஆரம்பிச்சா, இல்ல வாரக்கணக்கா தனியா வெளிய போகவே முடியலன்னா, குடும்ப டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஆன்லைன்ல தமிழ்ல பேசற ஆலோசகர்களும் கிடைப்பாங்க, தள்ளிப் போடாதீங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை பார்சல் கீழ் வீட்ல இருக்குன்னு லெட்டர் பாக்ஸ்ல சீட்டு விழுந்தா அவர் வர்ற வரைக்கும் அத மேசை மேல வச்சுட்டு இருக்காதீங்க. பையன கிட்டாவுல இருந்து கூட்டிட்டு வரும்போது, ஷூ கூட கழட்டாம, அவன் கையப் பிடிச்சுட்டு கீழ் வீட்டு பெல்ல நீங்க அடிங்க. "ஹாலோ, மைன் பாக்கேட், பிட்டே", அதாவது 'என் பார்சல், ப்ளீஸ்', அது போதும். சாக்லேட்டுக்கும் சேத்து நன்றின்னு ஒரு "டாங்கே". தப்பா வந்தா பையன் திருத்துவான், திருத்தட்டும். போன் வீட்லயே இருக்கட்டும். அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.