இடம் இருக்கிறது சரி, பாரம் தாங்குமா?

எட்டடி அகலம், இருபத்தெட்டடி நீளம். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இழுத்துக்கொண்டு போகிற இந்த டிரெய்லரில்தான் நானும் என் வீட்டுக்காரரும் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறோம். சாமானைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எங்கள் டிரெய்லரின் முன்பக்கச் சாமான் அறை பாதி காலி. வீணாகக் கிடக்கிறதே என்று என் கணவர் கருவிப்பெட்டி, ஜெனரேட்டர், மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் அங்கே அடுக்குகிறார். சரிதானா?

காலி இடத்தைப் பார்த்தால் கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் டிரெய்லரில் இடம் தீருவதற்கு முன்பே பாரம் தீர்ந்துவிடும். வாசலருகே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சரக்கின் எடை இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். எங்களுடையதில் 1,340. நிறையத்தான் தோன்றும். அதே ஸ்டிக்கரில் கீழே தண்ணீரின் எடையும் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 330 பவுண்டு அங்கேயே போய்விடும். மிச்சத்தில்தான் துணி, பாத்திரம், அரிசி, கருவி எல்லாம்.

முன்பக்கம் ஏற்றுகிற பாரத்தில் பெரும்பகுதி ஹிட்ச் (டிரெய்லரை டிரக்கோடு பூட்டும் இணைப்பு) வழியாக உங்கள் டிரக்கின் பின்பக்கத்தை அழுத்தும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இருப்பது நல்லது. அதைவிடக் கூடினால் டிரக்கின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும். பயந்துபோய் எல்லாவற்றையும் பின்னால் தள்ளினால் அதைவிட ஆபத்து, நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கனமான சாமான் ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, நேர் மேலேயோ சற்று முன்னாலேயோ, தரையோடு தரையாக இருக்கட்டும். தலைக்கு மேலுள்ள அலமாரிகளில் துண்டும் ரொட்டியும் போதும்.

குத்துமதிப்பாகச் சொல்லாமல் நிறுத்துப் பாருங்கள். லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற மூன்று தட்டு எடைமேடை இருக்கும். முதலில் டிரெய்லரோடு ஏறுங்கள், டிரெய்லரின் சக்கரங்கள் கடைசித் தட்டில் நிற்க வேண்டும். அப்புறம் டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் நிறுங்கள். முதல் முறை முன்னிரு தட்டுகள் காட்டிய எடையில் டிரக்கின் தனி எடையைக் கழித்தால் ஹிட்ச்சின் பாரம். ஹிட்ச்சின் பாரத்தை மற்ற சக்கரங்களுக்கும் பகிரும் கம்பிகள் மாட்டியிருந்தால் நிறுக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

இதெல்லாம் நான் புத்தியோடு கற்றதில்லை. இரண்டாம் வருஷம் நியூ மெக்ஸிகோவில் ஐ-10 சாலையில் எங்கள் பின் டயர் வெடித்தது. வெயில்மேல் பழி போட்டேன். மறுநாள் நிறுத்துப் பார்த்தால் 460 பவுண்டு அதிகம். மூன்று தோசைக்கல், ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு, இரண்டு பெட்டிப் புத்தகம்!

காற்றை உறிஞ்சும் பைகளில் துணியைப் போட்டால் இடம் மிச்சமாகுமே?

மிச்சமாகும். கனம் மிச்சமாகாது. மிச்சமான இடத்தில் இன்னும் பத்துச் சட்டையைத் திணிப்பீர்கள், அதுதான் சங்கடம். குளிர்கால ரஜாய் ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டர், இரண்டு குக்கர், மிக்சி, இட்லிப் பானை, இருபது பவுண்டு அரிசி மூட்டை. சமையல் சாமானில் எதை விடுவது என்றே தெரியவில்லை.

கிரைண்டரை விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். எனக்கும் மூன்று மாதம் ஆனது. கல்லின் பாரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வண்டி குலுங்கும்போது அது எங்கே உருளும் என்று ஒவ்வொரு முறையும் கட்டிவைக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் விட்டு நல்ல மிக்சியில் உளுந்தை அரைத்தால் மாவு சூடாகாமல் பொங்கி வரும். கிரைண்டர் மாவுக்கு ஒரு மாற்றுக் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு வேலை செய்யும் சாமான் தங்கும், ஒரு வேலை மட்டும் செய்வது இறங்கும். எங்கள் வீட்டில் இன்ஸ்டன்ட் பாட் பருப்பு வேகவைக்கும், தயிர் உறையவைக்கும், தயிர் பொத்தானில் வைத்தால் குளிர் ஊரிலும் மாவைப் புளிக்கவைக்கும். புளிக்கும்போது அழுத்த மூடி வேண்டாம், சாதாரணக் கண்ணாடி மூடி போதும். மாவு பொங்குவதற்குப் பாத்திரத்தில் பாதி இடம் விடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தமே 3,600 வாட். குளிர்சாதனம் ஓடும்போது குக்கரையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். ஆகவே சாதனங்கள் அதிகம் வைத்திருந்தும் பயனில்லை.

அரிசி மூட்டை உங்கள் வழித்தடத்தைப் பொறுத்தது. ஹூஸ்டன், டாலஸ், ஃபீனிக்ஸ் பக்கம் சுற்றுகிறவர்களுக்கு இந்தியக் கடை கிட்டத்தில் இருக்கிறது, ஐந்து பவுண்டு போதும். வயோமிங், மொன்டானா பக்கம் கோடையைக் கழிப்பவர்கள் மூட்டையைச் சுமப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டைப்பெட்டியிலும் காகிதப் பையிலும் வைக்காதீர்கள், எலிக்கும் பூச்சிக்கும் அதுதான் விருந்து. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். கண்ணாடிச் சீசாக்களுக்கு நம் சாலைகளில் ஆயுள் குறைவு.

காகிதங்கள்? பத்து வருஷத்து வரி ரசீது, விசா தாள் எல்லாம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

வருமான வரிக் கணக்கின் ஆதாரத் தாள்களைப் பொதுவாக மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர்களுக்கும் சில நஷ்டக் கணக்கு எழுதியவர்களுக்கும் காலம் நீளும். மற்றதை ஸ்கேன் செய்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

குடியேற்றத் தாள்களில் மட்டும் கை வைக்காதீர்கள். குடியேற்றத் துறை அனுப்பிய ஐ-797 ஒப்புதல் தாள்களின் அசல், பழைய பாஸ்போர்ட்டுகள், பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ் எல்லாம் தீப்பிடிக்காத ஒரு பையில் வண்டியோடு வரட்டும். டிரெய்லரின் உரிமைப் பத்திரமும் அதில். பச்சை அட்டை (கிரீன் கார்டு) பெட்டியில் வைக்க வேண்டியதல்ல. 18 வயது நிரம்பியவர்கள் அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கொலு பொம்மைகளைத் தூக்கிப்போட மனமில்லை. மாத வாடகைக்குச் சாமான் அறை எடுக்கலாமா?

எடுக்கலாம், முடிவுத் தேதியோடு. மாதம் 100 டாலர் என்றாலும் மூன்று வருஷத்தில் 3,600. அந்தப் பணத்துக்கு உள்ளே இருக்கிற சோபாவைப் புதிதாகவே வாங்கிவிடலாம். பொம்மை சோபா இல்லையே என்பீர்கள். உண்மைதான். நான் மரப்பாச்சி ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றதை டெக்ஸாஸில் ஒரு சிநேகிதியிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் படிகளின் படம் அனுப்புகிறாள். போன வருஷம் என் செட்டியாரம்மாவைச் செட்டியாரிடமிருந்து மூன்று படி தள்ளி வைத்திருந்தாள், போன் செய்து சண்டை போட்டேன்.

கட்டிலுக்கு அடியில் வைத்த பெட்டிகள் பூஞ்சை பிடித்துவிட்டன. ஒழுகலும் இல்லை.

ஒழுகல் தேவையில்லை. நம் மூச்சு, குழம்புக் கொதி, கேஸ் அடுப்பின் தீ, எல்லாமே காற்றில் ஈரத்தைச் சேர்க்கும். புரொப்பேன் எரிந்தாலே நீராவி வரும். அந்த ஈரம் குளிர்ந்த தரையிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வியர்த்து நிற்கும். அங்கே பெட்டிகளை இறுக அடுக்கினால் காற்று நுழைய வழியில்லை. பாதியை வெளியேற்றுங்கள், மீதியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். சமைக்கும்போது மேல் விசிறியைப் போடுங்கள், குளிர் என்றாலும்.

கழிவுக் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஒரே தொட்டியில் போட்டு வைக்கிறோம், இடமில்லை.

இன்றே பிரியுங்கள். பல டிரெய்லர்களில் பின் பம்பர் சதுரக் குழலாக இருக்கும், கழிவுக் குழாய்க்கான இடம் அதுதான்.

குறைத்த சாமானை எங்கே கொடுப்பது?

குட்வில், சால்வேஷன் ஆர்மி உங்களுக்கே தெரியும். கருவி, கதவு, விளக்குச் சாமான்களுக்கு ஹேபிடாட் என்ற வீடு கட்டித்தரும் தொண்டு அமைப்பின் ரீஸ்டோர் கடைகள் நல்லவை. பல டிரெய்லர் பார்க்குகளில் துணி துவைக்கும் அறையில் ஓர் அலமாரி இருக்கும். வேண்டாததை வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம். அந்த இரண்டாவது பாதிதான் பொல்லாதது. போன வாரம் மூன்று பாத்திரங்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஆயிரம் துண்டுப் புதிர்ப் பெட்டியோடு திரும்பி வந்தேன். விரித்து வைக்க எங்களிடம் மேஜை இல்லை.