தோளும் கழுத்தும்: சட்டைக் கேள்விகளுக்கு ஒரு கட்டிங் மாஸ்டரின் பதில்கள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சட்டைக் கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்வி: ரெடிமேட் வாங்கலாமா, துணி எடுத்துத் தைக்கலாமா? நான் தையல்காரன், தைக்கத்தான் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். ரெடிமேட் கச்சிதமாகப் பொருந்துகிற உடம்புக்காரர் என் கடைக்கு வந்தாலும், மதுரை விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் போய் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அனுப்புகிறேன். யாருக்கு எது என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது.

வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. மார்பளவு 38 இஞ்ச். 39 நம்பர் சட்டை உடம்புக்குச் சரி, கழுத்துப் பட்டன் போட முடியவில்லை. 40 போட்டால் இடுப்பில் தொளதொளவென்று நிற்கிறது. எது என் சைஸ்? (திருமங்கலம்)

பார்மல் சட்டையில் இருக்கும் 39, 40, 42 எல்லாம் கழுத்துச் சுற்றளவு, அதுவும் சென்டிமீட்டரில். 39 என்றால் ஏறக்குறைய பதினைந்தரை இஞ்ச், 40 என்றால் பதினைந்தே முக்கால், 42 என்றால் பதினாறரை. மார்பளவோடு இதை ஒப்பிட்டுத்தான் பலரும் குழம்புகிறார்கள். சாதாரண அரைக்கைச் சட்டைகளில் சில கம்பெனிகள் மார்பளவை இஞ்சில் போடுவதும் உண்டு, அதனால் குழப்பம் இன்னும் கூடும்.

நீங்கள் 40 எடுங்கள். கழுத்துப் பட்டனைப் போட்ட பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். ஒரு விரல்தான் போகிறது என்றால், நாலு சலவைக்குப் பிறகு அந்தச் சட்டைக்கு டை கட்ட முடியாது. இடுப்புத் தொளதொளப்பைப் பக்கத் தையலில் பிடித்துக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை. அதே 40-ல் ஸ்லிம் ஃபிட் கிடைத்தால் அந்த வேலையும் மிச்சம்.

ரெடிமேட் வாங்கும்போது எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று தெரிந்து வாங்குங்கள். பக்கம் பிடிக்கலாம். கை நீளம், சட்டை நீளம் குறைக்கலாம். தோளில் அகலம் கூடினாலோ குறைந்தாலோ அதைத் தொடுவது வீண் செலவு. கழுத்தைப் பெரிதாக்க முடியாது, பட்டனைத் தள்ளித் தைத்தால் கால் இஞ்ச் கிடைக்கும், அவ்வளவுதான். கடைக் கண்ணாடி முன் முதலில் பார்க்க வேண்டியது தோள் தையல்: அது தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். கை மேல் வழிந்தால் அந்தச் சட்டையைத் திருப்பி வைத்துவிடுங்கள், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும்.

பிராண்ட் சட்டை 2,000 ரூபாய். துணி 900, கூலி 450 கொடுத்தால் 1,350-ல் தைத்துவிடலாம். மிச்சம்தானே? (மதுரை, எல்லிஸ் நகர்)

தையல் நன்றாக இருந்தால் மிச்சம். மோசமாக இருந்தால் 1,350-ம் நஷ்டம். அதனால் விலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த 2,000 ரூபாய்ச் சட்டையைக் கையில் எடுத்து உள்பக்கம் திருப்புங்கள். நான் எந்தச் சட்டையையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

முதலில் பக்கத் தையல். துணி விளிம்பு உள்ளே மடிந்து, பிசிறு வெளியே தெரியாமல் இருந்தால் வேலை தெரிந்தவர்கள் செய்தது. விளிம்பை மடிக்காமல் மேலே நூல் சுற்றி அடிக்கிற ஓவர்லாக் மட்டும் இருந்தால் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை, ஆனால் அதற்கு 2,000 ரூபாய் கொடுக்காதீர்கள். அடுத்து ஒரு ஸ்கேலை வைத்து ஒரு இஞ்சில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பத்து என்றால் அவசர வேலை. பதினான்குக்கு மேல் என்றால் நல்லது. உயர்ந்த சட்டைகளில் பதினெட்டும் அதற்கு மேலும் இருக்கும். நெருக்கித் தைத்தால் மிஷினில் நேரம் பிடிக்கும், கூலி ஏறும். கம்பெனிகள் மிச்சம் பிடிக்கிற முதல் இடம் அதுதான்.

பிறகு காஜா, அதாவது பட்டன் ஓட்டை. மதுரைப் புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், காஜா எடுக்கிற பையனாகத்தான் நான் தொழிலுக்கு வந்தேன். இரண்டு வருடம் வேறு வேலையே தரவில்லை. பட்டன் ஓட்டையின் உள்பக்கம் நூல் பிசிறு தொங்கினாலோ, விரலால் இழுக்கும்போது துணி இழை வெளியே வந்தாலோ அந்தக் காஜா ஆறு மாதத்தில் வாயைப் பிளக்கும். காலர் பட்டியில் காஜா படுக்கையாகவும், மற்ற இடங்களில் நிமிர்ந்தும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்துப் பட்டன் இழுபடுவது பக்கவாட்டில், அதனால்தான் அங்கே படுக்கை. கட்டம் போட்ட துணியானால் பாக்கெட்டின் கட்டமும் உடம்பின் கட்டமும் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும். பாக்கெட் இருப்பதே தெரியக்கூடாது.

கடைசியாகக் கை சேரும் இடம். சட்டையைப் போட்டு, பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு நின்றுகொண்டே போவதுபோல் ஒரு கையை மேலே தூக்கிக் கம்பியைப் பிடியுங்கள். டக்-இன் செய்த சட்டை மொத்தமாக மேலே ஏறி வந்தால், அக்குள் வெட்டு மிகவும் கீழே இறங்கியிருக்கிறது. ரெடிமேடில் பல உடம்புக்கும் ஒரே வெட்டு போக வேண்டியிருப்பதால் அதை இறக்கித்தான் வெட்டுவார்கள். அளவெடுத்துத் தைக்கும்போது அக்குளை ஒட்டி உயர்த்தி வெட்டலாம். கை மட்டும் மேலே போகும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். தையல் சட்டைக்கு நான் கொடுக்கிற முதல் மதிப்பெண் இதற்குத்தான். துணி மிச்சம், கூலி மிச்சம் எல்லாம் அதற்குப் பிறகு.

வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கும் ஒரு தகவல். லூயி பிலிப்பை 1989-லும் வான் ஹூசனை அடுத்த ஆண்டும் இந்தியக் கடைகளுக்குக் கொண்டுவந்தது மதுரா கார்மென்ட்ஸ். அந்த 'மதுரா' நம் மதுரைதான். ஹார்வி சகோதரர்கள் 1892-ல் இங்கே தொடங்கிய மில்லின் வழிவந்த பெயர். இப்போது அந்த வியாபாரம் ஆதித்ய பிர்லா குழுமத்திடம் இருக்கிறது. அவை நல்ல சட்டைகள்தான். அவற்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தே வாங்குங்கள்.

எந்த ரெடிமேட் சட்டை போட்டாலும் என் கணவருக்கு வலது பக்கம் கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக மடிப்பு விழுகிறது. அயர்ன் பண்ணினாலும் போகவில்லை. (சோழவந்தான்)

அம்மா, குறை சட்டையில் இல்லை. உங்கள் கணவருக்கு வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கிறது. பயப்படவும் எதுவும் இல்லை. நான் அளவெடுக்கிறவர்களில் நிறையப் பேருக்கு இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை.

பல வருடம் முன்பு ஒரு பஸ் கண்டக்டர் இதே குறையோடு வந்தார். டேப்பை எடுக்கும் முன் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைப் பார்த்தேன். தோல் பை தொங்கிய வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. ரெடிமேட் சட்டையின் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வெட்டியது. தாழ்ந்த தோளில் அந்த அரை இஞ்ச் துணி போக இடமில்லாமல் மடிப்பாக விழுகிறது. அவருக்குத் தோள் மேல் குறுக்காக வரும் யோக்கை நடுவில் இரண்டாகப் பிரித்து, வலது பக்கத்தை மட்டும் அரை இஞ்ச் சாய்த்து வெட்டி, அக்குளையும் அதே அளவு இறக்கினேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை விட்டு நகராமல் நின்றார். இத்தனை வருடம் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

உங்கள் கணவருக்குத் தையல்தான் வழி. ஆனால் அளவு எழுதிக் கொடுத்துத் தைக்காதீர்கள், பழைய சட்டையை மாதிரிக்குக் கொடுத்தும் தைக்காதீர்கள், அதே மடிப்பு புதுச் சட்டையிலும் வரும். அவரே நேரில் போய் நிற்க வேண்டும். அளவெடுக்கிறவர் முதுகுப் பக்கம் வந்து பார்க்கவே இல்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

மூன்று மாதத்தில் காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. துணியின் தரம் குறைவா? (மேலூர்)

துணி நன்றாகவே இருக்கும். காலருக்கு உள்ளே வைக்கிற கேன்வாஸ்தான் காரணம். இப்போது பெரும்பாலும் பசை தடவிய கேன்வாஸை அயர்ன் சூட்டில் ஒட்டுகிறார்கள். சூடு, அழுத்தம், நேரம் மூன்றில் ஒன்று குறைந்தாலும் சலவையில் பசை விட்டுக் கொப்புளம் வரும். கேன்வாஸ் ஒரு அளவும் துணி வேறு அளவும் சுருங்கினாலும் அதேதான்.

எனக்கே அந்த அடி விழுந்திருக்கிறது. ஒருமுறை விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் ஒரு கட்டு கேன்வாஸ் வாங்கினேன். அதில் தைத்த சட்டைகள் தீபாவளி முடிந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அத்தனை காலரையும் பிரித்து, கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து புதுக் கேன்வாஸ் எதுவானாலும் ஒரு துண்டுத் துணியில் ஒட்டி, மூன்று முறை துவைத்துக் காயவைத்துப் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளர் துணியில் வைக்கிறேன்.

உங்கள் சட்டையை எடுத்துக்கொண்டு தைத்தவரிடம் போங்கள். காலர் மட்டும் மாற்ற முடியும்.

மதுரை வெயிலுக்கு எந்தத் துணி? 60, 80, 100 என்று நம்பர் சொல்கிறார்கள், அது என்ன? (வாடிப்பட்டி)

நூலின் மென்மைக் கணக்கு. ஒரு பவுண்டு பஞ்சு நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டம், அதாவது நூல் சுருள், எத்தனை வருகிறதோ அதுதான் கவுன்ட். நம்பர் கூடக் கூட நூல் மெலியும், துணி வழவழப்பாகும், விலையும் ஏறும். உழைப்பும் அதே வேகத்தில் ஏறாது. ஒற்றை நூலில் நெய்த 100 கவுன்ட் துணி, வேலைக்குப் போகிறவருக்குச் சீக்கிரம் தேயும். 2/100 என்று போட்டிருந்தால் இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கியது, அது தாங்கும். தினசரிக்கு 60 கவுன்ட் சுத்தக் காட்டன் பாப்ளின் போதும் என்பது என் கருத்து. பாலியஸ்டர் கலந்தது கசங்காது, சீக்கிரம் காயும், ஆனால் மே மாதத்தில் வியர்வையும் வாடையும் உள்ளேயே தங்கும். சுருக்கம் விழாத காட்டன் என்று விற்பதில் ரெசின் என்ற ரசாயனம் ஏற்றியிருப்பார்கள். அது நூலின் வலுவைக் குறைக்கும், காலர் மடிப்பும், கஃப் என்கிற மணிக்கட்டுப் பட்டியின் ஓரமும் முதலில் போகும்.

துணி எடுத்துத் தைத்தேன், இரண்டு சலவையில் கை மேலே ஏறிவிட்டது. (ஆண்டிபட்டி)

நனைக்காமல் வெட்டியிருக்கிறார்கள். காட்டன் துணியை ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போட்டு, பிறகு தைக்கக் கொடுங்கள். இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள், சீசன் நேரத்தில் கடையில் செய்வார்கள் என்று நம்ப வேண்டாம். முழுக்கைக்கு 36 இஞ்ச் அகலத் துணி என்றால் 2.25 மீட்டர், 58 இஞ்ச் அகலம் என்றால் 1.60 மீட்டர். ஆள் பெரியவரானாலோ பெரிய கட்டமானாலோ கால் மீட்டர் கூட எடுங்கள்.

மகள் கல்யாணம் தை மாதம். எனக்கும் தம்பிமார் இருவருக்கும் மைத்துனருக்கும் சேர்த்து எட்டுச் சட்டை தைக்க வேண்டும். எப்போது கொடுக்கலாம்? (உசிலம்பட்டி)

ஐயா, தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் எந்த நல்ல டெய்லரிடமும் புது ஆர்டர் கொடுக்காதீர்கள். வாங்கிக்கொள்வார்கள், ஆனால் வேறு யாரிடமாவது தைக்கக் கொடுத்துவிடுவார்கள். தீபாவளி முடிந்த பத்தாம் நாள் போங்கள். கடையில் கூட்டம் இருக்காது, மாஸ்டருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும்.

எட்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டாம். நான்கு பேரும் நேரில் போய் அளவு கொடுங்கள், ஆளுக்கு ஒரு சட்டை மட்டும் முதலில் தைக்கட்டும். அளவுக்குப் போகும்போது வழக்கமாகப் போடுகிற பனியனோடும், கல்யாணத்தன்று கட்டப்போவது வேட்டியா பேன்டா என்று முடிவு செய்துகொண்டும் போங்கள். வேட்டிக்கு வெளியே விடுகிற சட்டையும் பேன்ட்டுக்குள் விடுகிற சட்டையும் ஒரே நீளம் இல்லை. முதல் சட்டை வந்ததும் இரண்டு முறை துவைத்து, போட்டு, ஒருநாள் முழுக்க நடமாடிப் பாருங்கள். உட்காரும்போது வயிற்றுப் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறதா, சாப்பிடும்போது கஃப் இலையில் படுகிறதா என்று கவனித்து மாஸ்டரிடம் சொல்லுங்கள். அவர் அதை அளவு நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதிக்கொள்கிறாரா என்று பார்த்துவிட்டு மீதி நான்கு துணியைக் கொடுங்கள்.