அறுபதாயிரம் ரூபாய்க் கேபிள்

கேள்வி: பழைய பாட்டுகளும் கச்சேரிகளும் எனக்கு உயிர். சீட்டு எடுத்த காசில் மூன்று இலட்சம் ரூபாய்க்கு ஸ்பீக்கரும் அம்ப்ளிஃபயரும் வாங்க நினைத்திருக்கிறேன். சாதாரண வயர் போட்டால் செட்டின் தரமே கெட்டுவிடும் என்று சொல்லி, கடைக்காரர் இன்னும் அறுபதாயிரத்துக்குக் கேபிள் காட்டுகிறார். வீட்டிலோ, ‘போனில் கேட்டால் பாட்டு கேட்காதா?’ என்கிறார்கள். விலை கூடிய செட்டில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?
– வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: இருக்கிறது. ஆனால் கடைக்காரர் காட்டும் இடத்தில் இல்லை.

முதலில் உங்கள் வீட்டாருக்கு. போனில் பாட்டு கேட்கும், மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடது பக்கம்) கேட்காது. அடித்தொனி எழும்பக் காற்றைத் தள்ள வேண்டும். நகமளவு ஸ்பீக்கரால் அது முடியாது. ஆறரை அங்குலக் கூம்புள்ள நல்ல ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு தனியாவர்த்தனத்தை, அதாவது கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியைப் போடுங்கள். வலது பக்கமான வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாக விழும், தொப்பியின் ‘கும்’ என்ற கும்காரம் இழுபட்டு அடங்குவது வரை தெரியும். இதற்காகச் செலவழிப்பது வீண் செலவு இல்லை. ‘நம்ம ஆட்களுக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நல்ல இசையை நல்லபடியாகக் கேட்கும் உரிமை மலையகத்தானுக்கும் உண்டு.

கேபிள் கதை வேறு. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் 5 மீற்றர் தள்ளி இருந்தால் போக வர 10 மீற்றர்; அதன் மின்தடை ஏறக்குறைய 0.07 ஓம். உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அந்த வித்தியாசத்தைக் கேட்கும் காது யாருக்கும் இல்லை. அறுபதாயிரத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். 50 வாட்ஸை விட்டு 100 வாட்ஸ் எடுங்கள் என்பார்கள், அதற்கும் மயங்காதீர்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம் கூடின சத்தம், அவ்வளவுதான்.

பெட்டியைக் கண்ணால் பார்த்தவுடன் காது மாறிவிடுகிறது என்பதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூல், சீன் ஆலிவ் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு அது. திரைக்குப் பின்னால் வைத்தபோது ஒரு மலிவான பிளாஸ்டிக் செட் நல்ல மதிப்பெண் வாங்கியது. திரையை விலக்கியதும் மதிப்பெண் இறங்கிவிட்டது. கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே. தொழில் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், பளபளக்கும் பெட்டிக்கு முன்னால் நிற்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு இதுதான் முக்கியம். எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள்? தகரக் கூரைக்கு சீலிங் இல்லையென்றால், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மூன்று இலட்சமும் அந்த இரைச்சலுக்குள் போய்விடும். சிமெந்துத் தரையும் வெறும் சுவரும் சத்தத்தைத் திருப்பியடித்து, பாடகரின் சொற்களைக் குழப்பும். ஆகவே ஒன்றரை இலட்சத்தோடு செட்டை நிறுத்துங்கள். மீதியில் சீலிங் அடியுங்கள், தடித்த கம்பளமும் திரைச்சீலையும் போடுங்கள். பெட்டிகளை மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், அடித்தொனி வீங்கி மற்றதையெல்லாம் மூடிவிடும். பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை, இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவுகள் என்பதையும் நினைவில் வையுங்கள். தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதியை எந்தச் செட்டாலும் புதிதாக்க முடியாது. நல்ல பிரதி தேடுவதும் செலவில் சேர்த்தி.

ஜப்பானில் பாவித்து வந்த செட் மலிவாகக் கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள். அங்கே கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபோமர் இல்லாமல் சொருகினால் அம்ப் கருகும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பையும் விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம்முடைய ஈரத்தில் பொடிந்துபோகும், ரப்பர் தாங்கும்.

கடைக்குப் போகும்போது உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமான இரண்டு பாட்டுகளைக் கொண்டு போங்கள். விலை கூடியதையும் குறைந்ததையும் ஒரே சத்தத்தில் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடின சத்தத்தில் ஒலிப்பது பெரும்பாலும் நல்லதாகத் தோன்றும், அதனால் சத்தம் ஒரே அளவில் இருப்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.