'பூஜ்யக் கழிவு' இயக்கம் என்றால் என்ன?

எரிக்கவோ புதைக்கவோ வேண்டிய குப்பையை ஊரே சேர்ந்து படிப்படியாகக் குறைப்பதுதான் பூஜ்யக் கழிவு. இத்தாலியின் கப்பன்னோரியில் இது எதிர்ப்பில் தொடங்கியது. 1990-களில் அங்கே குப்பை எரிஉலை வரவிருந்தது. ரொசானோ எர்கொலினி என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் மக்களைத் திரட்டித் தடுத்தார். 'சரி, குப்பைக்கு என்ன வழி?' என்ற கேள்விக்கு, வீடு வீடாகத் தரம் பிரித்து வாங்குவதே பதிலானது. 2007-இல் இந்த இலக்கை ஏற்ற முதல் இத்தாலிய ஊர் அதுதான்.

அரிசியும் உளுந்தும் தனித்தனியே இருந்தால் சமையலுக்கு ஆகும். மண்ணில் கொட்டிக் கலந்துவிட்டால் இரண்டுமே வீண். குப்பையும் அப்படியே. எனக்கு மிகவும் பிடித்தது, மிஞ்சியதையும் அவர்கள் கிளறிப் பார்த்ததுதான். இயந்திரத்தில் போட்டு ஒருமுறை பயன்படுத்தி எறியும் காபிக் குப்பிகள் (capsules) நிறையக் கிடக்கவே, தயாரிப்பாளர்களிடமே மாற்று கேட்டார்கள்.

'பூஜ்யம்' என்றதும் துளிக் குப்பைகூட இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது போகும் திசையைத்தான் சொல்கிறது, கப்பன்னோரியிலும் மிச்சக் குப்பை உண்டு.