தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கிலக் கட்டுரையை முதலில் தமிழில் எழுதி, பிறகு மொழிபெயர்க்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் இலக்கணம் பார்த்துத் திருத்திய பிறகே அடுத்ததற்குப் போகிறேன். ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. அப்படியும் ‘தெளிவில்லை’ என்ற குறிப்போடுதான் தாள் திரும்பி வருகிறது. எதை மாற்றுவது?

பதில்: தமிழில் யோசிப்பதை விட்டுவிடாதீர்கள். எதைச் சொல்வது, எதற்குப் பின் எது என்பதையெல்லாம் தாய்மொழியில் குறித்துக்கொள்வது நல்லதுதான். முழு வாக்கியங்களாக எழுதுவதில்தான் வில்லங்கம். தமிழில் வினை கடைசியில் வரும்; ‘நேற்று நூலகத்தில் எடுத்த, அட்டை கிழிந்த புத்தகம்’ என்று அடைகள் எல்லாம் பெயருக்கு முன்னே வரிசை கட்டும். ஆங்கிலத்தில் அவற்றில் பல பெயருக்குப் பின்னே போயாக வேண்டும். நீண்ட வாக்கியத்தை இப்படிப் புரட்டும்போது எழுவாய் ஒரு பக்கம், வினை ஒரு பக்கம் சிதறிவிடும். ஆகவே தமிழில் துண்டுக் குறிப்புகள் மட்டும் போதும்; வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே தொடங்குங்கள், குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. சொல் அகப்படாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு நகருங்கள்.

அடுத்தது, எழுதும்போதே திருத்தும் பழக்கம். மாணவர்களும் தேர்ந்த எழுத்தாளர்களும் திருத்தும் விதத்தை நான்சி சோமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980இல் ஒப்பிட்டார். மாணவர்கள் பெரும்பாலும் சொற்களை மாற்றினார்கள். தேர்ந்தவர்கள் வாதத்தின் வடிவத்தையே மாற்றினார்கள். உங்களுக்கு வந்த ‘தெளிவில்லை’யும் இலக்கணப் புகார் அல்ல என்றே நினைக்கிறேன். சோதித்துப் பாருங்கள்: ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதைத் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு பத்திகளுக்கு ஒரே வரி வந்தால் அவற்றைச் சேர்த்துவிடலாம். வரியே எழுத வரவில்லையா? அந்தப் பத்தியில் சொல்ல எதுவும் இல்லை, வெட்டுங்கள்.

இலக்கணம் கடைசியில், முடிந்தால் மறுநாள். எல்லாப் பிழைகளையும் ஒரே மூச்சில் தேட வேண்டாம். பழைய தாள்களில் அடிக்கடி சுழிக்கப்பட்ட மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு முறை படியுங்கள். அதில் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘ஏ’ (a), ‘தி’ (the) அநேகமாக இருக்கும். அவற்றுக்கு நேர் இணை தமிழில் இல்லை. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபவுட்’ போடுவதும் இருக்கலாம்: ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதிலுள்ள ‘பற்றி’ ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. (நானும் பல ஆண்டுகள் போட்டிருக்கிறேன்.) பிழை காட்டும் மென்பொருளை இதற்குப் பிறகு திறங்கள், அது புதிதாகப் பிடித்தவற்றை அடுத்த கட்டுரைக்கான பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.