இணையப் பக்கம் உருவாக்கக் கற்கத் தொடங்குபவர் எந்த உரைத்திருத்தியைத் தேர்ந்தெடுப்பது, அதை எப்படி அமைத்துக்கொள்வது?

மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோட் போதும். இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது, பயிற்சிக் காணொளிகள் பலவற்றிலும் இதுவே திரையில் இருப்பதால் சொல்லித்தருபவர் காட்டுவதும் உங்கள் முன் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும். கணினி பழையது, நினைவகம் குறைவு என்றால் சப்லைம் டெக்ஸ்ட் இலகுவாக ஓடும். நோட்பேட்++ விண்டோஸுக்கு மட்டுமே உரியது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆட்டம் (Atom), பிராக்கெட்ஸ் (Brackets) ஆகிய உரைத்திருத்திகளைத் தேடிப் போகவேண்டாம்: முன்னது 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது, பின்னதை அடோபி 2021இல் கைவிட்டது. தேர்வுக்கு இதற்கு மேல் நேரம் செலவிடத் தேவையில்லை, அமைப்பில்தான் கவனம் வேண்டும்.

முதலில், தனிக் கோப்பைத் திறக்காமல், திட்டத்திற்கென்று ஒரு கோப்புறையை உருவாக்கி அந்தக் கோப்புறையையே திறங்கள். எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கம்), சிஎஸ்எஸ் (அதன் தோற்றம்), படங்கள் எல்லாம் இடப்பக்கப் பட்டியலில் தெரியும்போது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, இணைப்பில் எந்தப் பாதையை எழுத வேண்டும் என்ற குழப்பம் பெருமளவு குறையும். பெயர்களில் இடைவெளி விடாமல், எல்லாவற்றையும் சிறிய ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. ஏனெனில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது, ஆனால் பக்கத்தை இணையத்தில் வழங்கும் லினக்ஸ் சர்வர் அவற்றை இரு வேறு கோப்புகளாகவே கருதும் என்பதால், இணைப்பில் எழுத்து மாறியிருந்தால் உங்கள் கணினியில் தெரிந்த படம் சர்வரில் ஏற்றியதும் காணாமற்போகும்.

அடுத்து, செட்டிங்ஸில் ‘ஃபார்மட் ஆன் சேவ்’ (சேமிக்கும்போதே வரிகளை ஒழுங்குபடுத்துவது) என்பதை இயக்குங்கள். தொடக்கநிலையில் இதைவிடப் பயனுள்ள அமைப்பு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. மூடப்படாத ஒரு டிவ் குறிச்சொல்லைக் (பக்கத்தின் ஒரு பகுதியைத் தொகுப்பது) கண்டு உலாவி முறையிடாது, தானாகவே ஏதோ ஒரு வகையில் சரிக்கட்டிப் பக்கத்தைக் காட்டிவிடும். ஆனால் சேமித்ததும் வரிகள் ஒழுங்குபடுத்தப்படும்போது, அந்த டிவ்வுக்குப் பின் வரும் வரிகள் வலப்புறம் தள்ளி நிற்பதால் பிழை இருக்கும் இடம் கண்ணில் படும். ‘ஆட்டோ சேவ்’ (தானாகச் சேமித்தல்) என்பதையும் இயக்க விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள்: சிறிது நேரம் கழித்துத் தானாகச் சேமிக்கும் முறையில் இந்த ஒழுங்குபடுத்தல் நடக்காது, நீங்களாகச் சேமித்தால்தான் நடக்கும்.

தமிழில் பக்கம் எழுதுபவர்கள், கீழ்ப்பட்டையின் வலப்புறத்தில் யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் குறியேற்ற முறை) என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொண்டு, எச்டிஎம்எல் கோப்பின் தொடக்கத்திலுள்ள ஹெட் பகுதியில் அதைக் குறிக்கும் மெட்டா வரியையும் சேர்க்க வேண்டும். ‘அ’ என்ற ஓரெழுத்து அந்தக் குறியேற்றத்தில் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. உலாவி அவற்றைத் தனித்தனி எழுத்துகளாகப் படித்துவிட்டால் ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் தொடர்பில்லாத மூன்று குறிகள் நிற்கும்.

நீட்சிகளில் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்களில்) இப்போதைக்கு லைவ் சர்வர் ஒன்றே போதும், சேமித்தவுடன் உலாவிப் பக்கம் தானே புதுப்பிக்கப்படும். சுருக்கக் குறிகளை முழு நிரலாக விரிக்கும் எமெட் விஎஸ் கோடிலேயே உள்ளது: வெற்று எச்டிஎம்எல் கோப்பில் ஆச்சரியக்குறி இட்டு டேப் விசையை அழுத்தினால் பக்கத்தின் அடிப்படைச் சட்டகம் முழுவதும் வந்துவிடும். இருப்பினும், அந்தச் சட்டகத்தின் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொல்லத் தெரியும் வரை அதைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். வரியை முடித்துத்தரும் செயற்கை நுண்ணறிவுப் பரிந்துரைகளையும் அதுவரை அணைத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.